மொட்டு சிவந்தால் வாரேன்

கிராம்பு மரத்தடி ஈரமாக இருந்தது.

பெரியநாயகி முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்று பார்த்தாள். உச்சிவெயில். புரட்டாசி ஏமாற்றி, ஐப்பசியும் பாதி ஏமாற்றிவிட்டு, சேந்தமங்கலத்துக் காடெல்லாம் வாயைப் பிளந்து கிடந்த வருஷம் அது. கொல்லிமலை உச்சியில் மேகம் வந்து உட்காரும், ஆசை காட்டும், எழுந்து போய்விடும். தோட்டத்தில் வாழை கருகியிருந்தது. பாக்கு மரங்கள் தலை தொங்கி நின்றன. கோழிகூட மாட்டுக்கொட்டகையின் இருட்டை விட்டு வெளியே வரவில்லை. அந்தக் காய்ச்சலில், பின்வாசலுக்கும் கிணற்றுக்கும் நடுவே, ஒரு இலைகூட வாடாமல் பச்சைப்பசேலென்று நின்றது மாமியாரின் மரம். அதைச் சுற்றி வட்டமாக வெட்டிய பாத்தியில் அப்போதுதான் ஊற்றியது மாதிரி தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது, மண் சின்னச் சின்னதாகக் குமிழி விட்டது.

அவள் ஊற்றவில்லை. மாமியார் அங்கம்மாள் மாசியில் கண்ணை மூடிய நாளிலிருந்து அந்த மரத்துக்கு அவள் ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. வேண்டுமென்றேதான் காட்டவில்லை. வேறு ஊற்றுவதற்கும் அங்கே ஆள் கிடையாது. மேட்டூரில் அணை கட்டுகிறார்கள் என்று வண்டிமாடு வைத்திருந்தவனெல்லாம் ஓடிய காலம். அவள் புருஷன் அர்த்தநாரியும் கல் ஏற்ற வண்டியைக் கட்டிக்கொண்டு போயிருந்தான். ராத்துணைக்கு ஊருக்குள்ளிருந்து மருத்துவச்சி ஆத்தாயி வந்து படுப்பாள். ஆகவே ராத்திரியைப் பற்றிப் பெரியநாயகிக்குப் பயமில்லை. பகலில்தான் தனி.

ஈரத்திலிருந்து ஒரு தடம் கிளம்பியிருந்தது. ஒரு கால் முழுதாகப் பதிந்து, மறுகால் மண்ணை இழுத்துக்கொண்டு, பின்வாசல் வரை வந்து நிலைப்படிக்கு வெளியே நின்றுவிட்டது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெயில் அதை உறிஞ்சிக் கட்டாந்தரையாக்கிவிட்டது. அங்கம்மாளுக்கு இடது கால் இழுப்பு.

அந்த மரத்தின் கதை அங்கம்மாளின் பல்லில் ஆரம்பித்தது. கடைவாய்ப் பல்லில் ஒரு பொத்தல்; அதில் எந்நேரமும் ஒரு கிராம்பை அடைத்து வைத்துக்கொண்டு நாக்கால் உறிஞ்சுவாள். 'ச்சு' என்று ஒரு சத்தம் வரும். அடுப்படியில், களத்தில், ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம், எங்கே இருந்தாலும் அந்தச் சத்தம்தான் மருமகளுக்கு மாமியார் இருக்கும் இடத்தைச் சொல்லும். கடைக் கிராம்பில் காரமில்லை என்று மலைக்காரர்களிடம் கேட்டு வாங்கிய நாற்று அது. குளிர்ந்த மலையில் வளர வேண்டியது இந்தக் காய்ச்சல் பூமியில் பிழைக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். அங்கம்மாள் காதில் வாங்கவில்லை. தென்னங்கீற்றில் கூரை கட்டினாள், கழனித்தண்ணீர் ஊற்றினாள், குடிக்கத் தண்ணீர் குறைந்த கோடையிலும் அதற்குக் குறைக்கவில்லை. பெற்ற மகனுக்குக்கூட அப்படி ஊட்டியிருக்கமாட்டாள். மரம் கிணற்றுமேட்டு உயரத்துக்கும் மேலே வளர்ந்து நின்றது, ஆனால் பூவைக் காட்டவில்லை.

"மொட்டு பச்சையா வரும் அம்மணி. அது செவக்க ஆரம்பிக்கறப்பவே கிள்ளிப்போடோணும். விரிய உட்டா அப்பறம் அது வெறும் பூவு, ஒண்ணுக்கும் ஆவாது" என்பாள். அதற்காகவே வலது கட்டைவிரல் நகத்தை வெட்டாமல் வளர்த்தாள். மரம் மொட்டு வைக்கிறவரை அந்த நகம் சும்மா இருக்குமா? பெரியநாயகியின் மேல்கையில் அது பழகிக்கொண்டது. உப்புக் கூடினால் ஒரு கிள்ளு, புருஷனோடு சிரித்துப் பேசினால் ஒரு கிள்ளு.

கிள்ளுகூடப் போகட்டும். பெரியநாயகி இரண்டு தடவை உண்டானாள். இரண்டு தடவையும் மாமியார் கிராம்பு தட்டிப் போட்டுக் கசாயம் வைத்து, பக்கத்திலேயே நின்று குடிக்கவைத்தாள். இரண்டு தடவையும் கலைந்துபோனது. இரண்டாம் தடவை, அவள் பாயில் சுருண்டு கிடந்தபோது, அங்கம்மாள் குனிந்து பார்த்து, "மொட்டுலயே போயிருச்சு, போ" என்றாள். அப்புறம், 'ச்சு'. அதை யாரிடம் சொல்வது? அர்த்தநாரிக்கு அம்மா என்றால் தெய்வம். சொல்லாமலே அந்தக் கசப்பை விழுங்கிக்கொண்டாள். இப்போது மூன்றாவது தடவை. கசாயம் வைக்க ஆளில்லை, பிள்ளை வயிற்றில் தங்கிவிட்டது, இந்தச் சில நாளாகத் துள்ளவும் ஆரம்பித்திருந்தது. பெரியநாயகிக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஒரே ஒரு தப்பு செய்துவிட்டிருந்தாள்.

அந்தச் சீமையில் யாரும் 'போறேன்' என்று சொல்லிக்கொண்டு போகமாட்டார்கள். சந்தைக்குக் கிளம்பினாலும் 'வாரேன்', சண்டை போட்டுக்கொண்டு கிளம்பினாலும் 'வாரேன்'. கேட்கிறவர் 'வாங்க' என்பார். வாசலில் வந்து நிற்பவர் பகையாளியே ஆனாலும் 'வாங்க' என்றுதான் சொல்ல வேண்டும். சொல்லாத வீட்டுக்குள் மானமுள்ளவர் காலை வைக்கமாட்டார். அங்கம்மாள் இந்த முறையில் ஒரு அணுவும் தவறாதவள். புதுமருமகள் ஒருநாள் பராக்குப் பார்த்துக்கொண்டு 'வாங்க' சொல்ல மறந்ததற்கு நகம் பதித்த தழும்பு இன்னும் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் ஒரு இடத்தில் மட்டும் அந்தச் சொல் ஆகாது. சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவன் 'வாரேன்' என்று சொல்லமாட்டான். பேசாமல் எழுந்து போவான்.

காய்ச்சலில் கிடந்த அங்கம்மாள் கடைசி நாள் உச்சிப்பொழுதில் கண்ணைத் திறந்தாள். ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்தாள். மருமகளின் வயிற்றைப் பார்த்தாள். அப்போது அது வெறும் வயிறுதான்.

"மொத மொட்ட எங்கையாலதான் கிள்ளுவேன். மொட்டு செவந்தா வாரேன், அம்மணி" என்றாள்.

கிள்ளிக் கிள்ளிப் பழக்கிய வாய். அது மனசைக் கேட்கவில்லை.

"வாங்க, அத்தை" என்றாள் பெரியநாயகி.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அங்கம்மாள் அந்தக் கறுத்த பல் தெரியச் சிரித்தாள், 'ச்சு' என்று ஒரு தடவை உறிஞ்சினாள், அப்படியே அடங்கிவிட்டாள். அன்றிலிருந்து யார் 'வாரேன்' என்றாலும் பெரியநாயகி தலையை மட்டும் ஆட்டினாள். வாசலில் யார் வந்து நின்றாலும் கையைத்தான் காட்டினாள். மாமியார் போனதும் இவளுக்குத் திமிர் ஏறிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஈரத்தடத்தைப் பார்த்த அன்று, பொழுது சாய்ந்து வந்த ஆத்தாயியிடம் பாதியைச் சொன்னாள். ஆத்தாயி வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள்.

"இதுக்கா பயப்படறீங்க சாமி? செத்த பெரியவங்க வேற எங்க போவாங்க? உங்க மாமியாதான் வவுத்துல வந்திருக்கறாங்க. ஊடு தேடி வாரவங்க தோட்டத்தச் சுத்தாம இருப்பாங்களா?"

ஊரே இதைத்தான் சொன்னது. ஆறுதலுக்குத்தான் சொன்னார்கள். பெரியநாயகி வயிற்றிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். வயிற்றுக்குள் கைவைத்தவளே வயிற்றுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறாளா? அந்த ராத்திரி பிள்ளை துள்ளியபோதெல்லாம் அது பிள்ளையா, நகமா என்று கூர்ந்து கவனித்துக்கொண்டு கிடந்தாள்.

விடிந்ததும் ஒரு முடிவுக்கு வந்தாள். மரம் இருந்தால்தானே மொட்டு. நெல் அவிக்கிற அண்டாவை அடுப்பில் ஏற்றினாள். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் சருவச்சட்டியில் மொண்டு மொண்டு கொண்டுபோய் மரத்தடியில் ஊற்றினாள். மண் சீறியது. ஆவி எழுந்து முகத்தில் அடித்தது. அதில் கிராம்பு வாசம். மரத்தின் வாசமில்லை அது. கசாயத்தைக் குடிக்கவைக்க முகத்துக்கு நேரே குனிகிற வாயின் வாசம், சொத்தையும் எச்சிலும் கலந்து சூடாக. பெரியநாயகி மூச்சை அடக்கிக்கொண்டு அண்டாவைக் காலி செய்தாள்.

மரம் ஒரு இலையைக்கூட உதிர்க்கவில்லை. மரத்துக்குப் பின்னாலிருந்து சத்தம் மட்டும் வந்தது.

'ச்சு.'

அன்று மத்தியானம் பிள்ளை துள்ளவில்லை. தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள். சாயந்தரமும் இல்லை. வெல்லத்தண்ணீர் குடித்தாள். இடப்பக்கம் படுத்தாள், வலப்பக்கம் படுத்தாள், வயிற்றைத் தட்டிப் பார்த்தாள். மறுநாள் காலையிலும் அசைவில்லை. ஆத்தாயி காதை வைத்துக் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வயிறு கனத்தது. குளிர்ந்தது. கல்.

வெளியே மரத்தின் கீழ்க்கிளையில் இலைகள் ஓரத்தில் கருக ஆரம்பித்திருந்தன.

அதைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. கிணற்றுக்கு ஓடினாள். தண்ணீர் பாதாளத்தில் கிடந்தது. கயிறு உள்ளங்கையைத் தின்றது. இறைத்தாள். ஊற்றினாள். இறைத்தாள். "குடி, குடிச்சுத் தொலை" என்று அழுதுகொண்டே ஊற்றினாள். வெந்த மண் தணிந்தது. கருகிய இலைகள் நிமிர்ந்தன. பாத்தி நிறைந்து வழிந்தபோது வயிற்றுக்குள் ஒரு உதை விழுந்தது, நல்ல பலமான உதை. பெரியநாயகி அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து வயிற்றைக் கட்டிக்கொண்டாள்.

செத்த பிறகும் மாமியார் வேலை வாங்கினாள். காலையில் தண்ணீர், உச்சியில் தண்ணீர், பொழுது சாய்ந்தால் தண்ணீர். எடப்பாடியிலிருந்து அண்ணன் சுப்பையன் வந்தான். தாயில்லாத தங்கச்சியைப் பிரசவத்துக்கு அழைத்துப்போக வண்டி கொண்டுவந்திருந்தான்.

"கெளம்பு புள்ள. இந்தக் காட்டுக்குள்ள தனியா எதுக்குக் கெடக்கற?"

"மரத்துக்கு யாருண்ணா தண்ணி ஊத்துவாங்க?"

அவன் அவளுடைய கையைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான், புத்தி கலங்கிவிட்டது என்று முடிவு கட்டினான். திரும்பிப் போகையில் "வாரேன் புள்ள" என்றான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மார்கழிப் பனியில் கிளை நுனிகளில் கொத்துக்கொத்தாக மொட்டுகள் வந்தன. பச்சைப் பொட்டுகள். தண்ணீர் ஊற்றாவிட்டால் பிள்ளை போய்விடும். ஊற்றினால் மொட்டு வளரும். இரண்டுக்கும் நடுவில் அவளை நிறுத்திவைத்துவிட்டு மரம் பச்சையாகச் சிரித்தது. ஒருநாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மொட்டின் காம்பில் விரலை வைத்தாள். மெல்ல அழுத்தினாள். அடிவயிற்றில், உள்ளேயிருந்து, சுருக்கென்று நகம் பதிந்தது. விரலை எடுத்துவிட்டாள். சேலையில் ஒரு சொட்டு ரத்தம் இருந்தது.

பின்வாசலின் ஈரத்தடம் இப்போது தினமும் வந்தது. உச்சிப்பொழுதில், அவள் அடுப்படியில் இருக்கும்போது, சரட்... சரட்... என்று காலை இழுத்து நடக்கும் சத்தம். நிலைப்படியோடு நின்றுவிடும். அழைக்காத வீட்டுக்குள் நுழையாத மாமியார் அல்லவா? வெளியே நின்று காத்திருந்தாள். பெரியநாயகி முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், அந்தச் சத்தம் போகிறவரை அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாசியில் அர்த்தநாரி ஊர் வந்து சேர்ந்தான். வந்ததும் வராததுமாக மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தான்.

"எங்கம்மா மரம் மொட்டு வெச்சிருச்சே. இருந்து பாக்கக் குடுத்து வெக்கல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மொட்டு மூக்கு லேசாச் செவக்குது புள்ள. கிள்ளிரலாமா?"

"தொடாதீங்க" என்றாள். அவள் குரலைக் கேட்டு அவன் கையை இறக்கிக்கொண்டான்.

மறுநாள் விடியலில் வலி கண்டது. வெயில் ஏற ஏற வலியும் ஏறியது. ஆத்தாயி வாசல்களில் வேப்பிலை செருகினாள், பாயின் தலைமாட்டில் அரிவாளை வைத்தாள், "சாமி, இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சந்தான் சாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வலிக்கு நடுவே பெரியநாயகி ஒன்றையே நினைத்தாள். என்ன வெளியே வரப்போகிறது? யார் வரப்போகிறார்கள்?

பொழுது இறங்கும் நேரத்தில் பெண் பிறந்தது. பிறந்த உடனே வீறிட்டு அழுதது.

"நாஞ் சொன்னனுங்களே, மாமியா வந்துட்டாங்க" என்றாள் ஆத்தாயி. அர்த்தநாரி வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "அம்மா" என்று தழுதழுத்துவிட்டு, மாட்டைக் கட்டும் சாக்கில் முன்பக்கம் போய்விட்டான். ஆத்தாயி எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துவிட்டு மருந்துச் சாமான் எடுத்துவர ஊருக்குள் கிளம்பினாள். "வாரேன் சாமி" என்றாள். பெரியநாயகி தலையை ஆட்டினாள்.

தனியானதும் குழந்தையை விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பினாள். சுண்டுவிரலால் அதன் உதட்டைப் பிரித்துப் பார்த்தாள். வழவழவென்று ஈறு. பல்லில்லை, பொத்தலில்லை. குனிந்து மூக்கை வைத்தாள். பிறந்த பிள்ளையின் பச்சை வாசம், வேறு ஒன்றுமில்லை. இடது காலை நீட்டி விட்டாள். அது நன்றாக மடக்கி உதைத்தது. விரல் நகங்களைப் பார்த்தாள். பூவிதழ் கனத்தில் இருந்தன.

யாருமில்லை. இது யாருமே இல்லை. இது தன் பிள்ளை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை மாதமாகப் பொத்திவைத்த சந்தோஷமெல்லாம் ஒரே மூச்சில் பொங்கி, பாலாகவே சுரந்துவிட்டது. பிள்ளை வாயை வைத்துக் குடித்தது. "சாமி, எஞ்சாமி" என்று அதன் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஊர் முழுக்கச் சொன்னது பொய், அத்தை பிள்ளையாக வரவில்லை.

அப்படியானால்.

கிராம்பு வாசம் வந்தது.

பிள்ளையிடமிருந்து இல்லை. பின்வாசல் பக்கமிருந்து. ஆத்தாயி கதவைச் சாத்தாமல் போயிருந்தாள். மங்கின வெளிச்சத்தில் மரம் தெரிந்தது. கிளை நுனிகள் தெரிந்தன. காலையில் கொத்துக்கொத்தாகச் சிவந்திருந்த நுனிகள். இப்போது மொட்டை. ஒன்றுகூட இல்லை.

சரட்.

பெரியநாயகி பிள்ளையை மார்போடு இறுக்கினாள்.

சரட். நிலைப்படியில் நின்றது. செருகியிருந்த வேப்பிலை அசையவில்லை. ஈரச் சேலை சொட்டும் சத்தம். 'ச்சு.' முன்னொரு காலத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட அதே நிதானம். காத்திருக்கும் சத்தம்.

அவள் வாயை இறுக்கினாள். பல்லுக்கு நடுவே நாக்கைக் கடித்துப் பிடித்தாள். சொல்லமாட்டாள். விடியவிடிய நிற்கட்டும். ஆயுசுக்கும் நிற்கட்டும். சொல்லவே மாட்டாள்.

முன்பக்கம் மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்த அர்த்தநாரிக்குப் பின்வாசலில் காலடி கேட்டது. பிள்ளை பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்டுகள் வந்திருப்பார்கள். அன்றைக்கு அவனைப் போலச் சந்தோஷமான மனுஷன் அந்தத் தோட்டத்தில் கிடையாது. திரும்பிக்கூடப் பார்க்காமல், வீட்டுக்காரன் சொல்ல வேண்டியதை வாய் நிறையச் சொன்னான்.

"யாருங்க அது? வாங்க, வாங்க. உள்ள வாங்க."

ஒரு கால் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தது. மறுகால் அதன் பின்னால் இழுபட்டு வந்தது.

பெரியநாயகி கத்தினாள். கத்தியதாகத்தான் நினைத்தாள். கடித்த நாக்கிலிருந்து ரத்தம் வந்தது, சத்தம் வரவில்லை. தலைமாட்டு அரிவாளை நோக்கிக் கை போகவில்லை. கை பிள்ளையைப் பிடித்திருந்தது. பிடித்தபடியே மரத்துப்போயிருந்தது.

மடித்துக் கட்டிய ஈர மடி அவள் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. அது நிறையச் சிவந்த மொட்டுகள்.

பிள்ளை பால் குடித்த களைப்பில் வாயை விட்டுவிட்டுத் தூங்கியிருந்தது. பிறந்த உடம்பு, நெற்றியிலிருந்து உள்ளங்கால் வரை ஒரே சிவப்பு. உதடு இன்னும் விரியவில்லை.

"நல்லாச் செவந்திருக்குது, அம்மணி."

'ச்சு.'

சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிய ஒரு கை கீழே இறங்கி வந்தது. ஆள்காட்டி விரல் பிள்ளையின் கழுத்துக்குப் பின்னால் போய், பழகிய விதமாய், பதமாய்ப் படிந்தது. முன்னால், தொண்டைக்குழி மேல், அந்தக் கட்டைவிரல் நகம்.